ஏழாவது அவகாசம்

"தேதியை மட்டும் மாத்து. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்."

ஒவ்வொரு வருடமும் கடைக்குள் நுழைந்ததும் அவர் சொல்லும் முதல் வாக்கியம் இதுதான். அனல்மின் நிலையத்தின் சார்பாக அரசு அலுவலகங்களில் ஏறி இறங்குவது அவருடைய வேலை. சாம்பல் குளத்திலிருந்து வழியும் கழிவுநீரைச் சுத்தம் செய்யாமல் வாய்க்காலில் விடக் கூடாது என்று சட்டம் வந்து ஏழு வருடமாகிறது. சுத்திகரிப்பு நிலையம் கட்டி முடிக்க இன்னும் ஒரு வருடம் வேண்டும் என்று மின் நிலையம் வருடாவருடம் மனுப் போடும். வருடாவருடம் கிடைக்கும். அந்த மனுவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் என்பதால் எங்கள் தெருவில் அவருக்கு அவகாசம் என்றே பெயர். நேரில் 'சார்'. தலை தெரிந்ததும் டீக்கடையில், "அவகாசம் வந்தாச்சு, பாலை அடுப்புல வை."

எங்கள் கடை நீர்க் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு நேர் எதிரே. ஒரு கம்ப்யூட்டர், இரண்டு ஜெராக்ஸ் மெஷின், சுருள்கம்பி போட்டுப் புத்தகம் கட்டும் கருவி, நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். முதலாளி டோனர் மாமா. மெஷினுக்கு மை நிரப்பி நிரப்பி அவருடைய விரல்கள் நிரந்தரமாகக் கறுத்துவிட்டன. பதினான்கு வயதில் வேலை கேட்டு நான் வந்து நின்றபோது கைகளைத் துப்பட்டாவுக்குள் ஒளித்திருந்தேன். காட்டச் சொன்னார். காட்டினேன்.

பார்த்தார். தன் கைகளையும் பக்கத்தில் நீட்டினார். "சரியாப் போச்சு. இந்தக் கடையில வெள்ளைக் கைக்கு வேலை கிடையாது" என்றார்.

என் உள்ளங்கைகளில் மிளகுத்தூளைக் கொட்டியதுபோல் கரும்புள்ளிகள். புள்ளிகளுக்கு மேல் தோல் காய்ப்பாகத் தடித்திருக்கும். எங்கள் வீட்டு அடிபம்புத் தண்ணீர் வாய்க்கால் பக்கத்திலிருந்து ஊறுவது. வேறு தண்ணீர் கிடையாது. டாக்டர் தண்ணீரால் வந்தது என்று வாயால் சொன்னார். எழுதித் தரச் சொன்னபோது பேனாவை மூடிவிட்டார். பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் எங்கள் இருவருக்கும் நடுவில் ஸ்கேலை வைத்துக் கோடு போட்டாள். ஒன்பதாம் வகுப்பில், ஆய்வுக்கூடத்தில், எல்லாரும் கையை மேஜை மேல் வையுங்கள் என்று டீச்சர் சொன்னதும் நான் எழுந்து வெளியே வந்தேன். வந்தவள் திரும்பப் போகவில்லை.

அப்பா அந்த மின் நிலையத்தில்தான் சாம்பல் லாரி ஓட்டுகிறார். அதனால், முதல் அவகாச மனு வந்த வருடம் ஆட்சேபணை எழுதிக்கொண்டு போனது அம்மா. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. என் கைகளைத் தேவைப்பட்டால் காட்டலாம் என்று என்னையும் இழுத்துப் போனாள். ஆட்சேபணை சொல்லக் கடைசி நாள். பஸ் வழியில் நின்றுவிட்டது. ஓடிப் போய்ச் சேர்ந்தபோது அலுவலகச் சுவர்க் கடிகாரத்தில் ஐந்து மணி இரண்டு நிமிடம். மனு வாங்கும் ஜன்னலில் உட்கார்ந்திருந்த அம்மாளை இன்றுவரை ஜன்னலம்மா என்றுதான் எல்லாரும் சொல்கிறோம். அவர் கதவை இழுத்தபடியே, "அஞ்சுன்னா அஞ்சு" என்றார்.

"ரெண்டே நிமிஷம்தான்மா ஆச்சு. பிள்ளை கையைக் கொஞ்சம் பாருங்களேன்."

"கையைப் பாக்கறது என் வேலை இல்லம்மா. கடிகாரத்தைப் பாக்கறதுதான் என் வேலை."

பக்கத்தில் ஒருவர் ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். இஸ்திரி கலையாத சட்டை. அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நேரத்தோட அருமை தெரிஞ்சவங்கதாம்மா மனுப் போடணும்."

அந்த வாக்கியத்தை நான் விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. ஆறு வருடம் கன்னத்துக்குள் ஒதுக்கியே வைத்திருந்தேன்.

இரண்டு வருடம் கழித்து அதே மனிதர் எங்கள் கடைக்கு வந்து என் முன்னால் உட்கார்ந்தார். அவருக்கு என்னை நினைவில்லை. தட்டச்சு செய்யும் பெண்ணின் முகத்தை யார் பார்க்கிறார்கள்? "தேதியை மட்டும் மாத்து" என்றார். மூன்றாவது அவகாசம். நான் அடித்தது. நான்காவது, ஐந்தாவது, ஆறாவது எல்லாம் நான் அடித்தவையே. என் கையைக் கெடுத்த தண்ணீருக்கு என் கையாலேயே நீட்டிப்பு. 'தவிர்க்க இயலாத காரணங்களால்', 'உதிரிபாகங்கள் வந்து சேராமையால்', 'பணிகள் துரிதமாக நடைபெற்று வருவதால்' ஆகியவை எல்லாம் எனக்குத் தூக்கத்தில்கூட வரும். எழுதவே பிடிக்காத பிள்ளைக்கு இம்போசிஷன் கொடுத்ததுபோல் அவை மண்டைக்குள் உட்கார்ந்துவிட்டன.

மனுவின் ஒன்பதாம் பத்தியும் அப்படித்தான். நடப்பு அவகாசம் முடியும் நாளன்று மாலை ஐந்து மணிக்குள் புதிய மனு பதிவாகாவிட்டால், சலுகை தானாக நீங்கும். கழிவுநீர்க் குழாயை மூட வேண்டும். அதை அவகாசம் ஒருமுறைகூடப் படித்ததில்லை என்பது எனக்குத் தெரியும். ஏனென்றால் அவர் எதையுமே படித்ததில்லை.

அவர்கள் வேலை செய்யும் முறை அப்படி. மனு மூன்று பிரதி. கடைசிப் பக்கத்தில், 'மேற்கண்ட விவரங்கள் அனைத்தையும் நேரில் ஆய்வு செய்தேன். உண்மை என உறுதி அளிக்கிறேன்' என்று இருக்கும். அதன் கீழே மின் நிலையத் தலைமைப் பொறியாளரின் கையெழுத்தும் முத்திரையும். ஆனால் அந்த ஆளை நான் கண்டதே இல்லை. ஒன்றும் எழுதாத தாள்களில் அடியில் மட்டும் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தி அனுப்பிவிடுவார். அதை மெஷினுக்குள் விட்டு, மேலே உறுதிமொழியை அச்சடிப்பது என் வேலை. தாளைத் தலைகீழாகச் செருகிவிட்டால் வீணாகிவிடும் அல்லவா? அதற்காக நான்கு தாள் கொடுப்பார்கள். நான் ஒருபோதும் தலைகீழாகச் செருகியதில்லை. ஒவ்வொரு வருடமும் ஒரு தாள் மிச்சம்.

"அதைக் கிழிச்சுப் போட்டுடு" என்பார் அவகாசம்.

கிழிக்கும் சத்தத்துக்காக வேறு ஒரு தாளைக் கிழிப்பேன். மிச்சத் தாளை என் நோட்டுக்குள் வைத்துக்கொள்வேன். எதற்கு என்று அப்போது எனக்கும் தெரியாது. அவர்களுடைய பல் ஒன்று என்னிடம் இருக்கட்டும் என்று ஒரு ஆசை.

இந்த வருடம், அவகாசம் முடிவதற்குப் பத்து நாள் முன்பு, என் தங்கை பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது. வீட்டில் வாலு என்று கூப்பிடுவோம். பல் தேய்த்த கையை என் முன் நீட்டினாள்.

"அக்கா, மை ஒட்டிக்கிச்சு. சோப்புப் போட்டாலும் போகமாட்டேங்குது."

பெருவிரலுக்குக் கீழே மூன்று புள்ளிகள். நான் தொட்டுப் பார்த்தேன். இன்னும் தடிக்கவில்லை.

"உன் மெஷின் மையாக்கா?"

"ஆமா" என்றேன். அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அன்று கடைக்குப் போய் ஆறாவது மனுவைத் திறந்து முழுதாகப் படித்தேன். ஏழாவது போகக் கூடாது. வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

முதலில் பத்து நாள் முன்னதாக வந்த அவகாசம், பிறகு ஒரு வாரம், மூன்று நாள், முதல் நாள் என்று வருடத்துக்கு வருடம் பிந்திக்கொண்டே வந்தார். அவருக்கு என்ன கவலை? அவர் வந்தாலே டோனர் மாமா மற்றவர் வேலையையெல்லாம் ஓரம் தள்ளிவிடுவார். இந்த வருடம் கடைசி நாளன்று மதியம் இரண்டு நாற்பதுக்கு வந்தார்.

டோனர் மாமா கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போயிருந்தார்.

"தேதியை மட்டும் மாத்து" என்றபடி நான்கு கையெழுத்துத் தாள்களை மேஜையில் வீசினார். "அஞ்சுக்குள்ள வேணும்."

நாற்காலிகளில் நான்கு பேர் இருந்தார்கள். நான் அவர்களைக் காட்டினேன். எனக்கு வாய் திறப்பது கஷ்டம். இருந்தும் திறந்தேன். "வரிசை இருக்கு சார்."

"என்ன வரிசை? எனக்கா?"

"உங்க கோரிக்கை பரிசீலனையில இருக்கு சார்."

என்னை முதன்முறையாகப் பார்த்தார். கிண்டல் செய்கிறேனா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. என் முகம் எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

முதல் மூன்று பேருக்கு உரிமம், அடையாள அட்டை, மதிப்பெண் சான்றிதழ் என்று சின்ன வேலைகள். நான்காவது, ஓய்வுபெற்ற தபால்காரர். தன் வாழ்க்கை வரலாற்றை நூற்று நாற்பது பக்கம் கையால் எழுதி, மூன்று பிரதி எடுக்க வந்திருந்தார். இவரை மடக்கிவிடலாம் என்று அவகாசம் நினைத்தார்.

"பெரியவரே, இது அவசர வேலை. கொஞ்சம் விட்டுக்கொடுங்க. உங்க கதை எங்கயும் ஓடிடாது."

"நான் ஓடிடுவேனே தம்பி. எழுபத்தாறு வயசு" என்றார் தபால்காரர். "முப்பத்தஞ்சு வருஷம் ஊர்க் கடுதாசியெல்லாம் நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேத்தேன். ஒரு பய எனக்கு வழி விட்டதில்லை. அதுவே தனி அத்தியாயமா இருக்கு. படிக்கறீங்களா?"

அவகாசம் பஸ் நிலையத்துக் கடைக்குப் போன் போட்டார். கோப்பைக் கொண்டுவந்தால் அச்சடித்துத் தர முடியுமா என்று கேட்டார். அங்கே ஒரு மணியிலிருந்து கரண்ட் இல்லையாம். எங்கள் கடைக்கு மட்டும் அலுவலக லைன், அதனால் போகாது.

"எப்பப் பாத்தாலும் கரண்ட் போயிடுது, சே" என்றார்.

"எந்தக் கம்பெனி கரண்டுங்க அது?" என்று தபால்காரர் அக்கறையாக விசாரித்தார்.

மூன்று ஐம்பதுக்கு அவகாசத்தின் முறை வந்தது. எண்பத்தாறு பக்கம், மூன்று பிரதி, பக்க எண், முத்திரை, கம்பி. நிதானமாகச் செய்தால் இரண்டு மணி நேரம். முந்தைய வருடங்களில் ஒரே தட்டில் எல்லாத் தேதியையும் மாற்றிவிடுவேன். இந்த முறை ஒவ்வொரு இடமாகத் தேடிப் போனேன். நாற்பத்தோரு இடங்கள்.

"என்ன படிச்சுட்டு இருக்கே?"

"தேதி எங்கெங்க வருதுன்னு பாக்கறேன் சார்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"பணிகள் துரிதமா நடந்துட்டிருக்கு சார்."

நான்கரைக்கு டோனர் மாமா வந்தார். ஒரு பக்கக் கன்னம் வீங்கி, வாயில் பஞ்சு. அவகாசத்தைப் பார்த்ததும் பதறிப்போய் என்னிடம் ஓடிவந்தார். "ம்ம்! ம்ம்ம்!" என்றார்.

"என்ன மாமா? டீயா?"

"ம்ம்ம்ம்!" கையால் கடிகாரத்தைக் காட்டினார். காகிதத்தில் எழுதப் பேனா தேடினார். அதற்குள் மெஷின் ஓடத் தொடங்கிவிட்டது. நான் உருவிய தாள்களை அவரே பிடுங்கிப் பிடுங்கி அடுக்கினார். அந்த அவசரத்தில் இரண்டாம் பிரதியின் நடுப்பக்கங்கள் இடம் மாறின. திரும்ப அடுக்க வேண்டியதாயிற்று. அதற்கு நான் பொறுப்பல்ல. ஆனால் சந்தோஷப்பட்டதை மறைக்க மாட்டேன்.

நான்கு ஐம்பத்தெட்டு. கம்பி கோத்த பிரதிகளை அள்ளிக்கொண்டு அவகாசம் ஓடினார். தெருவைக் கடக்கையில் ஒரு பஸ் குறுக்கே நின்று, ஆள் இறக்கி, ஆள் ஏற்றியது. மூன்றாவது பிரதியை மேஜை மேலேயே விட்டிருந்தார். அதை எடுத்துக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன்.

ஜன்னல் பாதி மூடியிருந்தது. அவர் இடுக்கில் கையை விட்டிருந்தார்.

"அம்மா, ஒரு நிமிஷம்தாம்மா ஆச்சு. என்னைத் தெரியாதா உங்களுக்கு? வருஷா வருஷம் வர்றேனே!"

"கையை எடுங்க சார், நசுங்கிடும். அஞ்சுன்னா அஞ்சு."

கதவு மூடியது. அம்மா நின்ற அதே சதுரக் கல்லில் அவர் நின்றார். நான் மூன்றாவது பிரதியை நீட்டினேன். கன்னத்தில் ஆறு வருடம் ஒதுக்கி வைத்திருந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. நேரத்தோட அருமை. வாய் திறக்கவில்லை. என் பாழாய்ப்போன கூச்சம். பிரதியை அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே அவகாசம் வந்துவிட்டார். டோனர் மாமாவைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். மாமாவுக்குப் பேச்சு வந்திருந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

"சின்ன விஷயம்தான் பாப்பா" என்று என்னிடம் வந்தார் மாமா. "மெஷின் ரிப்பேர்னு ஒரு கடுதாசி. ஓட்டின ஆள் நீ, அதனால நீ கையெழுத்துப் போடணுமாம். கைமீறின காரணம்னு காட்டினா லேட்டா வந்த மனுவை எடுத்துப்பாங்க. பதினோரு மணிக்குப் பெரிய அதிகாரி ரூமுக்கு வரச் சொல்லியிருக்காங்க."

"மெஷின் நல்லா ஓடிச்சே மாமா."

"ஓடிச்சு. யார் இல்லைன்னா? மெஷினுக்கு என்ன ரோஷமா வரப்போகுது? போட்டுடு. அந்த ஆபீஸ் எதிர்ல நான் இன்னும் பத்து வருஷம் கடை நடத்தணும்."

நான் தலையாட்டினேன். மாமா நிம்மதியாகப் பஞ்சை மாற்றப் போனார்.

மணி பத்து. கம்ப்யூட்டரில் நான்கு வரி அடித்தேன். என்னுடைய கடிதம். நோட்டுக்குள் இருந்த நான்கு தாள்களையும், நேற்று மிச்சமான ஐந்தாவது தாளையும் அதோடு சேர்த்து, தெருவைக் கடந்து, ஜன்னலில் நீட்டினேன்.

ஜன்னலம்மா புரட்டிப் பார்த்தார். "என்னடி இது? வெத்துத் தாளா இருக்கு?"

"அடியில கையெழுத்து இருக்கும்மா. முத்திரையும் இருக்கு. இணைப்பு ஐந்துன்னு எழுதியிருக்கேன்."

அவர் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கடைசியில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அஞ்சுக்கு நிறைய நேரம் இருந்தது. ஐந்து தாளிலும் டப் டப்பென்று வரவு முத்திரை குத்தி, எண் போட்டு, ரசீது கொடுத்தார்.

பெரிய அதிகாரியின் அறையில் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு ஒரு வாளி வைத்திருந்தார்கள். அவகாசம் ஏற்கெனவே நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"மெஷின் ரிப்பேராம்மா?" என்றார் அதிகாரி. கையெழுத்துப் போடத் தயாராகப் பேனா மூடியைக் கழற்றிவிட்டிருந்தார்.

என் குரல் எங்கேயோ அடியில் கிடந்தது. "இல்ல சார்."

"என்ன?"

"நேத்து மதியம் அறுநூறு பக்கத்துக்கு மேல ஓடிச்சு சார். கவுன்ட்டர்ல இருக்கு. ரெண்டு மணி நேர வேலையை இவரு கடைசி நாள்ல கொண்டுவந்தாரு. நான் அவசரப்படலை."

"ஏய்!" என்றார் அவகாசம். "அவளுக்கு ஒண்ணும் தெரியாது சார். படிக்காத பொண்ணு."

"நான்தான் சார் எல்லாத்தையும் படிச்சேன். இவரு படிக்கலை. கையெழுத்துப் போட்டவரும் படிக்கலை." அதிகாரியின் மேஜையில் ஜன்னலிலிருந்து வந்த கட்டு இருந்தது. அதை அவிழ்த்து, என் ஐந்து தாள்களையும் ஒன்றன்பின் ஒன்றாக மேஜையில் பரப்பினேன். முதன்முறையாக, யார் முன்னாலும் மறைக்காமல், என் இரண்டு கைகளும் மேஜை மேல் இருந்தன. "நேர்ல ஆய்வு செஞ்சேன்னு சொல்ற பக்கம் சார் இது. வெத்தாதான் வரும். ஒவ்வொரு வருஷமும் ஒண்ணு மிச்சம். இதுல நான் என்ன வேணா அடிச்சிருக்கலாம். அடிக்கலை."

அதிகாரி ஒரு தாளை எடுத்தார். கையெழுத்தைப் பார்த்தார். மேலே உள்ள வெறுமையைப் பார்த்தார். மூலையில் ஜன்னலம்மாவின் வரவு முத்திரையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. முத்திரை விழுந்த தாளைக் குப்பையில் போட முடியாது. போட்டால் எண் கேட்கும்.

அவர் நல்லவர் என்று நான் சொல்ல மாட்டேன். ஆறு மனுக்களில் கடைசி இரண்டை ஏற்றுக்கொண்டது அவர்தான். ஆனால் நெருப்புப் பிடித்த துணியை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கழற்றிய பேனா மூடியை மாட்டினார்.

"சார், நீங்க போகலாம்" என்றார் அவகாசத்திடம். "மனுவையும் எடுத்துட்டுப் போங்க."

அவகாசம் எழுந்தார். இஸ்திரி போட்ட சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். போதும் என்று தோன்றவே இல்லை.

மூன்றாம் நாள் குழாயை மூடினார்கள். உலைகள் இரண்டும் நின்றன. அப்பாவின் லாரியும் நின்றது. அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து செருப்பின் வாரைத் தைத்துக்கொண்டே, "என் சோத்துக் குழாயையும் சேத்து மூடிட்டியே" என்றார். அம்மா தங்கையின் கையை அவர் மடியில் மலர்த்தி வைத்தாள். அப்பா ஊசியைக் கீழே வைத்தார். தண்ணீர் தெளிய எத்தனை வருடமாகும் என்று யாருக்கும் தெரியாது. மின் நிலையம் இப்போது எங்கள் பகுதிக்கு லாரியில் நல்ல தண்ணீர் அனுப்புகிறது. அனுப்பச் சொல்லி உத்தரவு. அந்த லாரியை ஓட்டுவது அப்பா.

டோனர் மாமா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஊசி மருந்து இன்னும் இறங்கவில்லையோ என்று நினைக்கும் அளவுக்கு வாயை மூடிக்கொண்டிருந்தார். ஆனால் வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை.

எட்டாம் நாள் அவகாசம் வந்தார். சட்டையில் இஸ்திரி இல்லை. வரிசையில் இரண்டு பேர் இருந்தார்கள்; சொல்லாமலே மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தார். முறை வந்ததும் ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். ஏழாம் நாள் மாலை ஐந்து மணிக்குள் விளக்கம் கேட்டிருந்தார்கள். அன்று ஏழாம் நாள்.

"விளக்கம் கொடுக்க இன்னும் பதினஞ்சு நாள் அவகாசம் கேட்டு ஒரு மனு அடிக்கணும்மா" என்றார். அவரே சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

டோனர் மாமா மெஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்கியது தெரிந்தது.

நான் பழைய கோப்பைத் திறந்தேன். பெயரையும் தேதியையும் மாற்றினேன். மற்றதெல்லாம் அப்படியே பொருந்தியது. தவிர்க்க இயலாத காரணங்களால். அச்சடித்த தாள் சூடாக வெளியே வந்தது. அவர் பேனாவை எடுத்து, பழக்க தோஷத்தில் தாளின் அடிப்பக்கத்துக்கு நேராகக் கையைக் கொண்டுபோனார்.

நான் தாளைக் கொஞ்சம் என் பக்கம் இழுத்தேன். புள்ளிகள் தெரியும்படி உள்ளங்கையை விரித்து அதன் மேல் வைத்தேன். சுவரில் மணி நாலு ஐம்பது.

"முதல்ல படிங்க சார்" என்றேன். "முழுசாப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க."

அவர் படிக்க ஆரம்பித்தார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.